பதில்: உப்புவெளி வீட்டில் 3/6 லீற்றர் கொமட், ஒரு தடவையில் போகுதில்லை

சின்னதாக அடித்தால் 3, முழுதாக அடித்தால் 6 லீற்றர் தண்ணி விடுகிற உங்கட கொமட்டில் ஒரு தடவை அடித்துக் கழிவு முழுக்கப் போகுதில்லை, மேசன் கொமட்டையே மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அந்த மேசனை இப்போதைக்கு விடுங்கோ. ஒரு வாளியில் 6 லீற்றர் தண்ணியை எடுத்துக் கொமட்டுக்குள் மடமடவென்று ஊற்றிப் பாருங்கோ. சளாரென்று இழுத்துப் போனால் குழாயில் பிழையில்லை. கிணற்றுத் தண்ணி என்கிறீர்கள், அப்போ கொமட் விளிம்புக்கு அடியில் தண்ணி வருகிற துளைகளில் சுண்ணாம்பு கட்டியிருக்கலாம். விளிம்புக்குக் கீழே முகம் பார்க்கிற கண்ணாடி பிடித்தால் வெள்ளையாகத் தெரியும். தாங்கிக்குள் நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாய் (தண்ணி கூடினால் கொமட்டுக்குள் வழியவிடுகிற குழாய்) வழியே அரை லீற்றர் வினாகிரி விட்டு, இரவு முழுக்க வைத்து, காலையில் துளைகளைக் கம்பியால் குத்தி எடுங்கோ. அதோடு குளோரின் மட்டும் சேர்க்காதேங்கோ, நச்சுவாயு வரும். தாங்கியில் தண்ணி மட்டத்தைப் பிடிக்கிற மிதவையையும் பாருங்கோ: தண்ணி அந்த ஓவர்ஃப்ளோ குழாய் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கவேணும்.

வாளித் தண்ணியே தேங்கி மெல்ல இறங்கினால் வேறு கதை, கழிவு போகிற குழாயின் சரிவைப் பாருங்கோ. 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு இரண்டரை அங்குலச் சரிவு நல்லது. மார்கழி மழையில் மட்டும் இப்படியென்றால் நிலத்தடி நீர் ஏறி மலக்குழி நிரம்பியிருக்கும், குழாயைத் தோண்டாதேங்கோ.