மேடைக் கலைஞர்கள் அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக் கிட்டாரை ஏன் விரும்புகிறார்கள்?

மேடையில் தாராளமாக நகர முடிகிறது என்பதுதான் முதல் காரணம். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரை மைக் முன் வாசிக்கும்போது ஒரு சாண் விலகினாலும் ஒலி மாறிவிடும். பக்கத்து டிரம்ஸும் அதே மைக்கில் நுழையும். சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கிலேயே நுழைந்து ஃபீட்பேக்காக அலறும்.

அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக்கில் பெரும்பாலும் பிரிட்ஜில் கம்பிகள் அமர்ந்திருக்கும் சேடிலுக்கு அடியிலேயே பீசோ பிக்கப் இருக்கும். கம்பி அதிரும்போது உண்டாகும் அழுத்தத்தை அது மின்சாரமாக மாற்றும். உள்ளேயிருக்கும் ப்ரீஆம்ப் அதை வலுவாக்கும். காற்றில் வரும் ஒலியை நம்பாததால் ஃபீட்பேக் வெகுவாகக் குறையும், முழுதாக ஒழியாது. இந்த வகையைப் பிரபலமாக்கியதில் ஒவேஷன் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1960களில் அதைத் தொடங்கிய சார்லஸ் கேமன் ஹெலிகாப்டர் வடிவமைத்த பொறியாளர்! பாடகர் க்ளென் கேம்பல் ஒவேஷன் கிட்டாரைத் தொலைக்காட்சியில் வாசித்துப் புகழ் சேர்த்தார்.

குறையும் உண்டு. வேகமாக ஸ்ட்ரம் செய்தால், அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒருசேர வருடி வாசித்தால், பீசோ ஒலி கொஞ்சம் பிளாஸ்டிக் போலக் கேட்கும். அதனால்தான் ஸ்டூடியோவில் பலர் இன்னும் மைக்கையே வைக்கிறார்கள். என் காதுக்கும் அதுவே சரி.

வாங்கப் போகிறீர்களா? கேபிளைச் செருகியும் செருகாமலும் வாசித்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பெரும்பாலான மாடல்களில் ப்ரீஆம்பின் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.