சான்றிதழ் பெற்ற ஹீட்டர் மாட்டினால் மகனின் இருமல் நிற்குமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில், கான்பெராவின் டக்கரனாங் பகுதியில் போன வருடம் வீடு வாங்கினோம். ஹாலில் பழைய விறகு ஹீட்டர் இருக்கிறது. குளிர் தொடங்கியதிலிருந்து ஐந்து வயது மகனுக்கு இரவில் விடாத இருமல். "சான்றிதழ் பெற்ற புது மாடல் போடுங்கள், புகையே வராது" என்கிறார் கடைக்காரர். விறகை விட்டால் கரண்ட் பில் கட்டி மாளாது என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவு இருமல் ஆஸ்துமாவா, வேறு ஏதாவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். இன்ஹேலர் கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதோடு, கடைக்காரருக்கு முன்பணம் கொடுப்பதையும் நிறுத்தி வையுங்கள்.

சான்றிதழ் என்ற சொல்லை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்குப் பல வருடக் கோபம். அந்தச் சான்றிதழுக்குப் புகை இல்லை என்று பொருளே கிடையாது. எரியும் ஒவ்வொரு கிலோ விறகுக்கும் 1.5 கிராம் புகைத் துகள் வரை வெளியே விடலாம் என்பதுதான் 2019 முதல் உள்ள தர அளவு. ஒரு நாளைக்கு 20 கிலோ எரித்தால் 30 கிராம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2025-க்கு முன்பு ஒரு நாள் சராசரியாகக் காற்றில் இருக்கலாம் என்று வைத்திருந்த நுண்துகள் வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம். அந்த 30 கிராம், 12 லட்சம் கன மீட்டர் சுத்தமான காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். உங்கள் வீட்டைப் போல ஏறக்குறைய மூவாயிரம் வீடுகளுக்குள் இருக்கும் காற்று அது. ஒரு வீடு, ஒரு நாள், அதுவும் "நல்ல" ஹீட்டர்.

இந்த 1.5 கிராமும் ஆய்வுக்கூடத்துக் கணக்கு. அங்கே காய்ந்த விறகை அளந்து போட்டு, பழகிய கை எரிக்கும். வீட்டில் இரவு பத்து மணிக்குப் பெரிய கட்டையைத் திணித்து, காற்று வரும் கைப்பிடியை இறுக்கிவிட்டுப் படுக்கப் போகிறோம். தீ அணையாமல் விடிய விடியப் புகையும். அப்போது வரும் துகளுக்கு எந்தச் சான்றிதழும் பொறுப்பேற்காது.

குழாய் வழியே மேலே போய்விடுகிறதே என்பீர்கள். டக்கரனாங் பள்ளத்தாக்கு. காற்றில்லாத தெளிவான இரவில் குளிர்ந்த காற்று கீழே படிந்து நிற்கும், அதன்மேல் சூடான காற்று பானைக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துவிடும். உங்கள் குழாயிலிருந்து போனதும் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து போனதும் தரையோடு தங்கி, ஜன்னல் இடுக்கு வழியாக மகனின் அறைக்கே திரும்பி வரும்.

ஹீட்டரை எடுத்தால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கு டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரம் பதில் சொல்லிவிட்டது. அதுவும் பள்ளத்தாக்கு ஊர்தான். 2001-இல் அரசுப் பணம் கொடுத்து ஹீட்டர்களை மாற்றத் தொடங்கினார்கள். விறகில் குளிர்காய்ந்த வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தன. குளிர்காலத்தில் காற்றிலிருந்த துகள் ஒரு கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27-க்கு இறங்கியது. குளிர்கால இதயநோய் மரணங்களும் நுரையீரல் மரணங்களும் குறைந்ததை 2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் கான்பெரா அரசு விறகு ஹீட்டர்களை முழுவதும் விலக்க வைத்திருக்கும் இலக்கு 2045. உங்கள் மகன் அப்போது இருபதுகளின் நடுவில் இருப்பான். அவன் நுரையீரல் வளர்கிற வருடங்களெல்லாம் முடிந்திருக்கும். இந்தக் கணக்கை யார் எப்படிப் போட்டார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை.

உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் செய்யும் ரிவர்ஸ் சைக்கிள் ஏசி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அல்லது அதற்கும் மேல் சூடு தரும். தரையில் வைக்கும் சாதாரண மின் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். பில்லைப் பார்த்துப் பயப்படுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை வைத்திருப்பவர்கள். காசு கொடுத்து வாங்கும் விறகைவிட முதலாவது மலிவாகவே முடியும். விறகையும் டன் கணக்கில் விற்கிறார்கள், ஈர விறகு எடை கூடுதல். தண்ணீருக்குப் பணம் கொடுத்து, அந்தத் தண்ணீரைக் காயவைக்க மீதி விறகை எரிக்கிறீர்கள். "நன்றாகக் காய்ந்தது" என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். ஈரமானி விலை குறைவுதான். கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள், 20 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கு வெளியே பண்ணை நிலத்தில், புயலில் மின்கம்பி அறுந்தால் இரண்டு மூன்று நாள் இருட்டில் கிடக்கும் வீடுகள் உண்டு. அங்கே விறகு ஹீட்டர் உயிர்காக்கும் பொருள். சுற்றிலும் வீடு இல்லாததால் புகைக்கும் ஓட இடம் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு நகருக்குள் இருப்பவர்களும் "கரண்ட் போனால்?" என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் போன குளிர்காலத்தில் எத்தனை இரவு மின்சாரம் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். எப்போதோ வரும் ஓர் இரவுக்காக நூறு இரவு புகைக்கத் தேவையில்லை. அந்த ஓர் இரவுக்குக் கம்பளியும் எல்லோரும் ஒரே அறையில் படுப்பதும் போதும்.

ஆகவே புது விறகு ஹீட்டர் வேண்டாம், ஏசிக்கு மாறுங்கள். மின்சாரத்துக்கு மாறுவோருக்கு அரசு உதவித் திட்டங்கள் வந்துபோகின்றன, நிபந்தனைகளும் மாறுகின்றன. பணம் கட்டிவிட்டு விசாரித்தால் கிடைக்காது, முதலில் விசாரியுங்கள். ஏசி வரும்வரை எரித்தே ஆகவேண்டுமென்றால் சிறிதாகப் பிளந்த விறகு போடுங்கள். ஒவ்வொரு முறை போட்ட பிறகும் 20 நிமிடம் காற்றை முழுக்கத் திறந்து வையுங்கள். பிறகு வெளியே போய்க் குழாயைப் பாருங்கள், புகை கண்ணுக்குத் தெரியக் கூடாது. படுக்கப் போகுமுன் கட்டை திணிக்காதீர்கள். வேலி இடித்த மரம், பெயின்ட் அடித்த மரம் வேண்டவே வேண்டாம். மருந்தேற்றிய பைன் மரத்தின் சாம்பலில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கலாம். மூடிய வீட்டில் மகனுக்குச் சாம்பிராணி போடுவதையும் பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

ஹீட்டரைக் கழற்றும்போது கூரைத் துளையை உரிமம் பெற்றவரை வைத்து மூடுங்கள். அதை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் நிச்சயம் வருவார். கொடுத்தால் அடுத்த தெருவில் இன்னொரு குழந்தையின் ஜன்னலுக்கு வெளியே அது புகையும். கதவைக் கழற்றி, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.