சிவப்பும் பச்சையும்தான் கொடுத்தேன், நாலு பிளேட் எப்படி வந்தது?

கேள்வி: மன்னார்குடியில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகையை கோரல் டிராவில் சிவப்பு, பச்சை இரண்டே கலரில் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். நாலு பிளேட் விழுந்திருக்கிறது, நாலுக்கும் காசு கொடு என்கிறார். பிரஸ்காரரோ, டூ கலர் என்று சொல்லிவிட்டு மல்டிகலர் ஃபைல் கொடுத்தால் எப்படி ஓட்டுவது என்று வேலையை ஓரமாக வைத்துவிட்டார். தப்பு யாருடையது? இப்போது என்ன செய்வது?

பதில்: தப்பு பாதி உங்களுடையது. மீதியைப் பிறகு சொல்கிறேன், முதலில் பத்திரிகையைக் காப்பாற்றுவோம்.

நீங்கள் ஸ்க்ரீனில் எடுத்த சிவப்பு, பிளேட் போடும் கணினிக்குச் சிவப்பே இல்லை. அதற்குத் தெரிந்தது சியான் (நீலம்), மெஜந்தா (ரோஸ்), மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைதான். ஒவ்வொரு மைக்கும் அச்சடிக்க ஒரு தகடு, அதுதான் பிளேட். சிவப்பு என்றால் மெஜந்தாவும் மஞ்சளும். பச்சை என்றால் சியானும் மஞ்சளும். ஆக மூன்று பிளேட் அங்கேயே ஆகிவிட்டது. ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபி கலரில் எடுத்திருந்தால் மாற்றும்போது கொஞ்சம் கறுப்பும் கலக்கும், நாலு ஆயிற்று. மிஷின் யாரையும் ஏமாற்றவில்லை.

டூ கலர் வேலைக்கு வேண்டியது ஸ்பாட் கலர். அது கலந்து வரும் நிறம் இல்லை. டப்பாவிலேயே சிவப்பாக இருக்கும் மை, அதற்கென்று தனியாக ஒரு பிளேட். இதற்கு நான் இருபது வருஷமாகச் செய்வது ஒரு எளிய வேலை. பத்திரிகையில் சிவப்பாக வரவேண்டிய எல்லாவற்றையும் வெறும் மெஜந்தா 100 ஆக்குங்கள். பச்சையாக வரவேண்டிய எல்லாவற்றையும் வெறும் சியான் 100 ஆக்குங்கள். மற்ற மூன்றும் பூஜ்யம். ஸ்க்ரீனில் பத்திரிகை ரோஸும் நீலமுமாகப் பல்லிளிக்கும், பயப்படவேண்டாம். வெளிர் சிவப்பு வேண்டும் என்றால் மெஜந்தா 30, அதுவும் அதே பிளேட்டில்தான் வரும். வெட்டுக்குறிக்கு வெளியே ‘எம் பிளேட் – சிவப்பு மை, சி பிளேட் – பச்சை மை’ என்று எழுதிவிடுங்கள். பார்ட்டிக்குக் காட்ட உண்மையான நிறத்தில் தனியாக ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறியும் பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள்.

அனுப்புவதற்கு முன்னால் கோரலின் பிரிண்ட் பெட்டியில் செப்பரேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்த பிளேட் பட்டியலில் வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒருமுறை பிளேட் கடையில் நின்றிருந்தேன். டூ கலர் வேலைக்கு மூன்றாவதாக ஒரு பிளேட் வெளியே வந்தது. தூக்கிப் பார்த்தால் முழுப் பிளேட்டும் வெறுமை, உச்சியில் மட்டும் ஒரு பிள்ளையார் சுழி. பழைய ஃபைலிலிருந்து காப்பி செய்த ‘உ’ கறுப்பிலேயே இருந்திருக்கிறது.

இந்த மெஜந்தா வித்தை செல்லாத இடம் ஒன்று உண்டு. பத்திரிகையில் சாமி படமோ மணமக்கள் போட்டோவோ மல்டிகலரில் இருந்து, அதோடு கோல்டு மையும் வேண்டும் என்று பார்ட்டி கேட்டால் மெஜந்தா பிளேட் போட்டோவுக்கே போய்விடும், கடன் வாங்க முடியாது. கோல்டை நாலு மையில் கலந்தும் கொண்டுவர முடியாது, வருவது கடுகு மஞ்சள்தான், மினுக்கே இருக்காது. அப்போது நிஜமான ஸ்பாட் கலர் ஒன்றை உருவாக்கி, ஐந்தாவது பிளேட் போட்டே தீரவேண்டும். அதற்கு ஒரே பெயர் வையுங்கள். பார்டரில் ‘கோல்டு’, பெயர்களில் ‘கோல்டு 1’ என்று இருந்தால் இரண்டு பிளேட் விழும். மை நிறங்களுக்கு எண் கொடுத்துப் புத்தகம் போடும் கம்பெனி பான்டோன். அந்த எண்ணில் எடுத்தாலும் கதை அதேதான். 871 சி, 871 யு என்பது டப்பாவில் ஒரே மை. வழவழப்புத் தாளில் இப்படி, சாதாத் தாளில் அப்படித் தெரியும் என்பதற்கான எழுத்துதான் பின்னால் இருப்பது. சாஃப்ட்வேர் அதை இரண்டாக எண்ணும். பிடிஎஃப் ஆக்கும்போது ஸ்பாட் கலரை சிஎம்ஒய்கே (அந்த நாலு மை) ஆக மாற்று என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண். கோல்டு எழுத்துக்கு நிழல் விழவைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள், அதிலும் கோல்டு நாலு மைக்கு மாறிவிடலாம்.

பான்டோன் என்றதும் இன்னொரு எரிச்சல். 2022 நவம்பரில் அடோபி கம்பெனியின் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து பெரும்பாலான பான்டோன் புத்தகங்களை எடுத்துவிட்டார்கள். தனியாகச் சந்தா கட்டு என்கிறார்கள். பழைய ஃபைலைத் திறந்தவர்களுக்கு அந்த இடமெல்லாம் கறுப்பாக நின்றது. நிறத்துக்கு வாடகை! டூ கலர் பத்திரிகைக்கு அதெல்லாம் வேண்டாம். மை டப்பாவைத் திறந்து விரலில் தொட்டு, அதே தாளில் தடவிப் பார்த்து ஓகே சொல்லுங்கள்.

இனி ஏஜென்ட். டூ கலர் வேலையைத் தனி மையில் ஓட்டாமல், வேறு மல்டிகலர் வேலைகளோடு ஒரே ஷீட்டில் ஒட்டி ஓட்டிவிட்டு, ஸ்பெஷல் மை என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். மெரூன் மாதிரி அடர்ந்த நிறத்தில் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பல நிறப் புள்ளி தெரிந்தால் கலந்தது, மழமழவென்று ஒரே நிறமாக இருந்தால் தனி மை. வாட்ஸ்ஆப்பில் ஜேபிஜி அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் அனுப்பாதீர்கள். எழுத்தெல்லாம் படமாகி, ஆர்ஜிபி ஆகி, ஓரம் பிசிறடித்துப் போய்ச்சேரும். பிறகு பிளேட் எத்தனை விழுந்தாலும் உங்களால் வாய் திறக்க முடியாது.

உங்கள் கேஸுக்கு வருகிறேன். டூ கலர் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறீர்கள். நாலு பிளேட் ஃபைல் வந்ததும் போடுவதற்கு முன்னால் ஒரு போன் செய்யவேண்டியது அவர்கள் வேலை. செய்யவில்லை, அந்த மீதிப் பாதி அவர்களுடையது. புதிதாக இரண்டு பிளேட் போடும் செலவு உங்களுடையது, பழைய நாலில் பாதிக்கு மேல் தராதீர்கள். தரும்போது அந்தப் பிளேட்டுகளைக் கையில் கேட்டு வாங்குங்கள். அத்தனையும் அலுமினியம், எடைக்குப் போட்டால் காசு. அதையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டிருப்பார்.