கேரன் யெப்பேயின் ஒரு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆர்மீனிய அகதிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். சென்னை அரண்மனைக்காரத் தெருவிலுள்ள ஆர்மீனியர் தேவாலயத்தைப் பல முறை கடந்து சென்றிருந்தும், அந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இதுவரை அறியாதிருந்தேன். சிரியாவின் அலெப்போ நகரில் பணியாற்றிய டென்மார்க் நாட்டுப் பெண்மணி கேரன் யெப்பேயை ‘மிஷனரி’ என்று குறிப்பிடுகிறீர்கள். அவர் யாரையும் தம் சபைக்கு மாற்ற முயலவில்லை என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் அவரைச் சமூக சேவகி என்று சொல்வதுதானே பொருத்தம்? அத்தகைய ஒருவருக்கு ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்றும் அறிய விரும்புகிறேன்.

ஓர் ஆசிரியை, சென்னை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொன்னால் முதல் கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யெப்பேயும் உங்களைப் போல ஆசிரியைதான். 1876-இல் டென்மார்க்கின் கில்லிங் என்னும் ஊரில் பிறந்தவர். இன்றைய துருக்கியிலுள்ள ஊர்ஃபா நகரில் 1895-இல் நடந்த படுகொலைக்குப் பின் ஆதரவற்று நின்ற ஆர்மீனியக் குழந்தைகளுக்காக யோஹன்னஸ் லெப்சியுஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் மிஷன் நடத்திய இல்லத்துக்கு, 1903-இல் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். 1915-இல் ஒட்டோமான் துருக்கிய அரசால் ஆர்மீனியர்கள் கூட்டம் கூட்டமாகப் பாலைவனத்தை நோக்கி விரட்டப்பட்டபோது, தப்பி வந்தவர்களைத் தம் வீட்டின் நிலவறையில் ஒளித்துவைத்துக் காத்தார். உடல் நலம் குலைந்து 1918-இல் ஊர் திரும்பியவர், மூன்று ஆண்டுகளில் மறுபடியும் புறப்பட்டு அலெப்போவுக்கு வந்து சேர்ந்தார். விரட்டப்பட்ட வழியில் கடத்தப்பட்டும் விற்கப்பட்டும், பெதூயின் (பாலைவன நாடோடி அரபியர்), குர்து, துருக்கிய வீடுகளில் சிக்கிக்கொண்ட பெண்களையும் குழந்தைகளையும் மீட்கும் பொறுப்பை, ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அவரிடம் ஒப்படைத்தது.

இனி அந்த ஒரு நாள். அலெப்போவில் அவர் நடத்திய மீட்பு இல்லத்தின் பதிவேடுகள் இன்றும் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1922 முதல் 1927 வரை அவற்றில் பதிவானவர்கள் ஏறத்தாழ 1,700 பேர். ஆண்டுக் கணக்கோடு வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒருவர் வருகிறார். அவருடைய ஒரு நாள் எவ்வளவு பரபரப்பானது என்பதை அளக்க எனக்கு இந்தக் கணக்கே போதுமானதாகத் தோன்றுகிறது. நாள்தோறும் முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவர் யார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் 1915-இல் ஐந்தாறு வயதில் தாயின் கையிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பெண், இல்லத்துக்கு வரும்போது பதின்மூன்று வயதைத் தொட்டிருப்பாள். பேசுவது அரபியோ குர்து மொழியோதான். ஆர்மீனிய மொழி மறந்திருக்கும். பெயரும் மாறியிருக்கும். முகவாயிலும் உதட்டோரத்திலும் பெதூயின் வழக்கப்படி பச்சை குத்தியிருப்பார்கள். நம் பாட்டிமார் கையில் விரும்பிக் குத்திக்கொண்ட பச்சையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கேட்காமலே முகத்தில் குத்தப்பட்ட அந்தப் பச்சையை எண்ணும்போது மனம் பதறுகிறது. இப்படிப்பட்டவளிடம் ஊர் எது, அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, எப்படிப் பிரிந்தாள், யார் யார் வீட்டில் இருந்தாள், எப்படித் தப்பினாள் என்பது சில வரிகளில் பதிவாகும். பக்கத்தில் அவளுடைய புகைப்படம் ஒட்டப்படும். ஒருவருக்கு ஒரு பதிவு என்ற அளவில் அந்தக் கதைகள் சுருக்கமாகவே இருக்கின்றன. அந்தச் சுருக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுதி முடித்தவுடன் வேலையும் முடிந்துவிடாது. வந்தவருக்கு உடை, உணவு, மருத்துவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உறவினர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேட வேண்டும். யாரும் இல்லை என்றால், சொந்தக் காலில் நிற்க ஒரு தொழிலைக் கற்றுத்தர வேண்டும். அதற்காகவே தையலும் பூவேலையும் நடந்தன. பணத்துக்காக ஜெனீவாவுக்கும் டென்மார்க்கிலிருந்த ஆர்மீனிய நண்பர்கள் சங்கத்துக்கும் ஓயாமல் கடிதம் எழுத வேண்டும். இன்னொரு பக்கம் ஹாஜிம் பாஷா என்னும் பெதூயின் தலைவருடன் பேசி, தெல் சமேன் என்ற இடத்தில் ஆர்மீனியர்கள் பயிரிட்டுப் பிழைப்பதற்கு நிலம் பெற வேண்டும். ஆர்மீனியப் பெண்கள் அகப்பட்டிருந்ததும் பெதூயின் கூடாரங்களில்தான், அகதிகளுக்கு நிலம் கொடுத்து அயலாராக வாழவைத்ததும் ஒரு பெதூயின் தலைவர்தான். ஒரு சமூகத்தை மொத்தமாகப் பகையாக்கிக்கொள்ளாமல் யெப்பே இதைச் செய்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த வேலையில் மகிழ்ச்சி மட்டுமே இருந்தது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. மீண்டு வந்த பெண்களில் சிலர் அங்கே பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தார்கள். தம் மக்களிடம் திரும்புவதா, பெற்ற பிள்ளையோடு இருப்பதா என்ற அந்தத் தவிப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. மீட்பு என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் இந்தத் தாய்மார்களை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு மிஷனரி என்றவுடன் மதமாற்றம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு வரலாற்றில் காரணமும் உண்டு. ஆர்மீனியர்களிடையே வந்த வேறு சில மிஷன்கள் அவர்களைப் புராட்டஸ்டன்ட் சபைகளில் சேர்த்தது உண்மையே. ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு முன்பே, நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற அந்த மக்களுக்குப் போதிக்க ஏதும் இருப்பதாக யெப்பே நினைக்கவில்லை. அதனால் அவர் மிஷனரி இல்லை என்று ஆகிவிடாது. மிஷன் என்ற சொல்லின் வேர்ப்பொருள் அனுப்பப்படுதல் என்பதே. நம் கிறிஸ்தவத் தமிழில் ‘ஊழியம்’ என்ற சொல் பிரசங்கத்துக்கும் வழங்குகிறது, நோயாளியின் புண்ணைக் கழுவுவதற்கும் வழங்குகிறது. இரண்டையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. உடல் முறிந்து ஊர் திரும்பிய நாற்பத்தைந்து வயதுப் பெண், பாதுகாப்பான வீட்டை விட்டு, தாம் அனுப்பப்பட்டவர் என்ற நம்பிக்கையோடு மறுபடி அந்த மக்களிடமே போனதை நான் ஊழியம் என்றே சொல்வேன். சமூக சேவகி என்பது தவறான சொல் அல்ல. அவர் போனதன் காரணம் மட்டும் அந்தச் சொல்லில் விடுபட்டுப் போகிறது. ஆகவே கட்டுரையில் ‘மிஷனரி’ என்ற சொல்லை மாற்றப் போவதில்லை.

சர்வதேச சங்கத்தின் உதவி 1927-இல் நின்ற பின்னும் அவர் அலெப்போவை விட்டுப் போகவில்லை. 1935-இல் மலேரியாக் காய்ச்சல் கண்டு, அந்த நகரிலேயே இறந்தார். 1947-இல் அங்கே திறக்கப்பட்ட ஆர்மீனிய உயர்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆசிரியையாகிய உங்களுக்கு இதையும் சொல்லத் தோன்றியது.

அன்புடன்.