பெண்டர் கோட்டை: கிசினாவிலிருந்து ஒரே நாளில் போய் வர

வணக்கம். மால்டோவாவின் தலைநகர் கிசினாவில் தங்கி டினீஸ்டர் ஆற்றங்கரையில் உள்ள பெண்டர் கோட்டையை ஒரே நாளில் பார்க்கலாமா, வங்கி அட்டை போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அட்டையை நம்பிப் போகாதீர்கள். கோட்டை இருப்பது மால்டோவாவிலிருந்து பிரிந்து தனி ஆட்சி நடத்தும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் கட்டுப்பாட்டில். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது. யூரோ நோட்டு கொண்டுபோய் அவர்களுடைய ரூபிளாக மாற்றுங்கள், கொஞ்சமாக மட்டும். வெளியே அதை யாரும் வாங்க மாட்டார்கள், மீதியைத் திரும்பும் முன்பே மாற்றிவிடுங்கள். 2014இல் வந்த பிளாஸ்டிக் நாணயங்கள் கிடைத்தால் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள்: 1 ரூபிள் வட்டம், 3 சதுரம், 5 ஐங்கோணம், 10 அறுகோணம்.

கிசினாவில் திராஸ்போல் (டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் தலைநகர்) போகும் மினிபஸ்ஸில் ஏறி, "கிரேபஸ்த்" (கோட்டை) என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாலம் தாண்டி அக்கரைக்குப் போய்விடுவீர்கள். சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்று அதிலேயே இருக்கும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, அந்தச் சீட்டுதான் எல்லாம். தொலைத்தால் திரும்பும்போது பெரிய இழுபறி.

பாலத்தருகே நிற்கும் வீரர்களையும் ராணுவ வாகனங்களையும் படம் எடுக்கவே கூடாது.

கோட்டை 1538இல் உஸ்மானிய (துருக்கிய) சுல்தான் சுலைமான் இந்தப் பகுதியைப் பிடித்த பிறகு எழுந்தது. மதில் மேல் ஏறி ஆற்றுப் பக்கம் பாருங்கள், கடவைக்குக் காவலாக ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது உடனே புரியும். ஸ்வீடன் மன்னர் 12ஆம் சார்லஸ் தோற்றோடி வந்து 1713 வரை முகாமிட்டிருந்ததும் இந்த வட்டாரத்தில்தான்.