அடுப்புத் தீயின் வெப்பநிலையை மைக்ரோவேவ் அலை கொண்டு அளக்க முடியுமா?

முடியும். ஆனால் மைக்ரோவேவ் நேராக வெப்பநிலையைச் சொல்லாது. தீக்குள் எவ்வளவு எலெக்ட்ரான் தனியாகத் திரிகிறது என்பதைத்தான் சொல்லும். மீதிக் கணக்கு நம்முடையது.

காரைக்குடியில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே மாணவர்களும் இதைக் கேட்பதுண்டு. கேஸ் அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தால் நீலத் தீ பளிச்சென்று மஞ்சளாகுமே, அது உப்பிலுள்ள சோடியம். நல்ல சூட்டில் இத்தகைய அணுக்களில் சில, எலெக்ட்ரானை உதறிவிடும். சோடியத்துக்கு அதற்கு 5.14 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலைச் சொல்லும் அலகு) வேண்டும், பொட்டாசியத்துக்கு 4.34 போதும். எந்தச் சூட்டில் எவ்வளவு பிரியும் என்பதை இந்திய வானியற்பியலாளர் மேகநாத் சாகா 1920-இல் தந்த சமன்பாடு சொல்லிவிடும். அவர் கண் சூரியன் மேல் இருந்தது, நாம் அதை அடுப்புக்கு இழுக்கிறோம்.

தீயின் ஒரு பக்கம் மைக்ரோவேவ் அலையை அனுப்ப ஒரு ஹார்ன் ஆண்டெனா (கொம்பு வாய் போல விரிந்த ஆண்டெனா), எதிரே அதை வாங்க இன்னொன்று. எலெக்ட்ரான்கள் அலையோடு சேர்ந்து ஆடி, வாயு மூலக்கூறுகளில் மோதி, வாங்கிய ஆற்றலை அங்கே விட்டுவிடும். அதனால் மறுபக்கம் அலை இளைத்து வரும். எவ்வளவு இளைத்தது என்பதை வைத்து எலெக்ட்ரானைக் கணக்கிடலாம். எனக்குப் பிடித்த விஷயம் இது: பொட்டாசியம் கலந்த தீயில் 2000 கெல்வின் வாக்கில் 20 டிகிரி ஏறினாலே எலெக்ட்ரான் சுமார் 13 சதவீதம் கூடும். அதாவது எலெக்ட்ரான் கணக்கில் அவ்வளவு பிசகினாலும் வெப்பநிலையில் 20 டிகிரிதான் தப்பும்.

சிக்கலும் உண்டு. உப்பே படாத கேஸ் தீயிலும் எலெக்ட்ரான் இருக்கும். எரியும்போது நடக்கும் வேதிவினையே நீல விளிம்பில் அதை உண்டாக்குகிறது. சூட்டால் வராத அதைச் சாகா கணக்கில் சேர்த்தால் வெப்பநிலை எக்கச்சக்கமாக ஏறி நிற்கும். உப்பைத் தூவி, நீலக் கூம்புக்கு மேலே அளக்க வேண்டும். அப்புறம், கல்லூரிகளில் இருக்கும் 10 கிகாஹெர்ட்ஸ் கருவியின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். அதைவிட ஒல்லியான மெழுகுவத்தித் தீயை அது சுற்றிக்கொண்டு போய்விடும்.

நம்மூர்க் கல்யாணக் கோட்டையடுப்பு அகலத்தில் சரி. சீமைக்கருவேல விறகிலேயே பொட்டாசியமும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று தெரியாது, தீயும் ஓரிடத்தில் நிற்காது. அங்கே கே-வகை தெர்மோகப்பிளே (இரண்டு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்பமானி) போதும். அதன் முனை வெப்பத்தை வெளியே வீசிக்கொண்டே இருப்பதால் தீயின் சூட்டைவிடக் குறைத்துத்தான் காட்டும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.