சமூகப் போராட்டத்துக்கு மக்கள் கூட்டம் போதாதா? தொழிற்சங்கமும் வேலை நிறுத்தமும் எதற்கு?

போதாது என்பதே என் பதில். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் பிறந்து வளர்ந்தவன். என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர்.

ரப்பர் பால் விடியற்காலையில்தான் நன்றாக வடியும். வெட்டிய செம்பனைக் குலை ஓரிரு நாளில் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். கேட்டுக்கு வெளியே எவ்வளவு பேர் நின்று கத்தினாலும் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளும். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் வராத காலையைத்தான் நிர்வாகத்தால் தாங்க முடியாது.

ஆனால் முதல் அடி விழுவது நமக்கு. லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), தண்ணீர், பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகை எல்லாம் தோட்டத்துடையவை. தனியாக வேலையை நிறுத்தியவனுக்கு வேலையோடு கூரையும் போய்விடும். பக்கத்துத் தோட்டமும் சேர்ந்து நிற்க, அடுப்பெரிய அரிசி வர, சங்கம் வேண்டும்.

கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் நடந்ததைப் பாருங்கள். இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டுத்தான் தொடங்கினார்கள். கோரிக்கைகள் வளர்ந்தன: துரையை (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகியை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம், கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் அத்துமீறாதே, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு, சங்கம் வைக்க விடு. அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதில் ஒரு காசுகூடக் கேட்கவில்லை, மனிதனாக நடத்தச் சொன்னார்கள். மே மாதம் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்ததும் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டார்கள். இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். எங்கள் பக்கம் போருக்குப் பிறகு தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. அதுவும் தோட்டத்துச் சனங்களின் படைதான்.

1948-இல் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலம் அறிவித்த அதே ஜூன் மாதம் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனமும் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, மேசையில் உட்கார்ந்து கூலி பேசியது. அதனால் கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கூலிக்கு வெளியே இருந்தவை மெல்ல மெல்லச் சங்கத்தின் கையை விட்டுப் போயின. சட்டமும் கட்டிப்போட்டது: இரகசிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் வேலை நிறுத்தம் கூடாது, வேறொரு தொழிலாளிக்கு ஆதரவாக நிறுத்தவும் கூடாது.

அதனால்தான் 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராஃப் (இந்து உரிமை நடவடிக்கைக் குழு) பேரணிக்குத் திரண்டபோது நம் மக்கள் தொழிலாளராக அல்லாமல் இந்தியர்களாகத் திரண்டார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, மில் எதுவும் நிற்கவில்லை. 2008 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை போனதில் அந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்ன இடங்களில், மறுநாள் காலையில் நிர்வாகத்தின் முன் போய் நிற்க அந்தக் கூட்டம் அங்கே இல்லை.

இன்று எங்கள் பக்கத்தில் பழம் வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் நிறைய. அவர்களுடைய வேலை பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. லயத்தில் நம் தாத்தா பாட்டி இருந்த நிலை இதுவேதான். தோட்டத்தில் போராட்டம் வேண்டும் என்பவர்கள் முதலில் அவர்கள் தங்கும் கொங்சிக்குப் போய்ப் பேச வேண்டும். அவர்கள் வராமல் எந்தச் சங்கத்தாலும் ஒரு லோரியைக்கூட நிறுத்த முடியாது.